பறவைக் காய்ச்சல் "இல்லை" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பண்ணை விலங்குகளில் சுவாச வைரஸ் கண்காணிப்பு: ஓர் எளிய விளக்கம்

கேரளத்திலோ ஆந்திரத்திலோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், மறுநாளே சென்னையில் இரண்டு பேச்சு கிளம்பிவிடும். "இங்கேயும் வந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்" என்பது ஒன்று. "தமிழ்நாட்டில் ஒரு கோழிக்குக்கூட இல்லையாம், கவலையே வேண்டாம்" என்பது இன்னொன்று. கறிக்கடை வாசலிலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இந்த இரண்டும் மாறி மாறி ஓடும். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டக் கோழிகளிலும், அதே ஆண்டு ஏப்ரலில் ஆலப்புழை வாத்துகளிலும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதியானபோது கேட்ட பேச்சும் இதுதான்.

இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு, நோய் இல்லை என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக எவ்வளவு தேடியிருக்க வேண்டும், எங்கே தேடியிருக்க வேண்டும், எந்தச் சோதனையை வைத்துத் தேடியிருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு கடினமானதல்ல. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

## மழைமானி எங்கே இருக்கிறது?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த மழையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் மானியில் 29 சென்டிமீட்டர் பதிவானது. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஒரே நகரம், ஒரே இரவு, இடையில் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். நுங்கம்பாக்கத்தில் மட்டும் மானி இருந்திருந்தால், தாம்பரத்தில் பெய்ததை எந்தப் பதிவேடும் சொல்லியிருக்காது.

நோய்க் கண்காணிப்பும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. ஒரு மாநிலத்தில் உள்ள எல்லாக் கோழியையும் எல்லா ஆட்டையும் யாராலும் சோதிக்க முடியாது. அங்கங்கே சில மானிகளை வைத்து, அவை காட்டுவதிலிருந்து மற்ற இடங்களை ஊகிக்கிறோம். மானிகள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் அந்த ஊகத்துக்கு மதிப்பு.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மழை தானாகவே மானிக்குள் விழும். வைரஸ் அப்படி விழாது. யாராவது ஒருவர் கொட்டகைக்குள் போய், கோழியைப் பிடித்து, பஞ்சுக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டு எடுத்தால்தான் உண்டு. அதனால் கண்காணிப்பில் பாதி வேலை ஆய்வகம் தொடர்பானது என்றால், மீதிப் பாதி மனிதர்கள் தொடர்பானது.

## எந்த வைரஸ்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் உட்சுவரில் புகுந்து பெருகி, சளி, தும்மல், மூச்சுக்காற்று வழியாக அடுத்த உடலுக்குப் போகிறவற்றைச் சுவாச வைரஸ்கள் என்கிறோம். கோழியில் பறவைக் காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். பன்றியில் பன்றிக் காய்ச்சல். ஆட்டில் ஆட்டுக்கொல்லி நோய். மாடுகளிலும் மூக்கொழுகலும் இருமலும் தரும் பல வைரஸ்கள் உண்டு.

"சுவாச" என்ற அடைமொழியை ரொம்ப நம்பிவிடக் கூடாது. வாத்தின் உடலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் குடலிலும் பெருகி, எச்சம் வழியாகக் குளத்து நீரில் கலக்கும். ராணிக்கெட் நோயில் கோழி மூச்சுக்குத் திணறும், கூடவே பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வைரஸ் எந்த உறுப்பில் இருக்கிறதோ அந்த உறுப்பிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். இந்த எளிய விஷயம் பின்னால் ஒரு பெரிய நாட்டையே தடுமாற வைத்த கதையைச் சொல்கிறேன்.

பண்ணையில் இவை வேகமாகப் பரவக் காரணம் வெளிப்படையானது. ஒரே வயதுள்ள ஆயிரக்கணக்கான பறவைகள், ஒரே கூரை, ஒரே காற்று. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மட்டும் வைரஸ் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. முட்டை அட்டை, தீவன லாரியின் டயர், வேலையாளின் செருப்பு, விற்காமல் திரும்பி வந்த கோழிகள், இவைதான் அதைத் தூக்கிச் செல்லும் வாகனங்கள். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் வைரஸைப் பின்தொடர முடியாது.

## முதல் மானி, பண்ணைக்காரரின் நோட்டு

கண்காணிப்பில் இரண்டு வகை. நோய் தெரிந்தவர் வந்து சொல்லக் காத்திருப்பதைத் தகவல்வழிக் கண்காணிப்பு என்று வைத்துக்கொள்வோம். நோய் தெரியாத இடத்திலும் போய்ச் சோதிப்பதைத் தேடல்வழிக் கண்காணிப்பு என்போம்.

முதல் வகைதான் உலகம் முழுக்கப் பெரும்பாலான நோய்ப் பரவல்களைப் பிடித்துத் தருகிறது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இதைவிட மலிவான, அகலமான வலை வேறில்லை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவர்கள் தினமும் நாலு கணக்கு எழுதுவார்கள்: எத்தனை கோழி செத்தது, எவ்வளவு தீவனம் தின்றது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எத்தனை முட்டை வந்தது. கோழிகள் சாகத் தொடங்கும் முன்பே தீவனமும் தண்ணீரும் குறைவது பல நோய்களில் வழக்கம். முட்டை எண்ணிக்கை சரியும், ஓடில்லாத தோல் முட்டை வரும். அனுபவமுள்ள பண்ணைக்காரருக்கு அந்த நோட்டைப் பார்த்தவுடனே வயிற்றைக் கலக்கும். எந்த ஆய்வக இயந்திரமும் அதற்கு முந்திக்கொள்ள முடியாது.

சட்டமும் இதைத்தான் நம்பியிருக்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டப்படி, பட்டியலில் உள்ள ஒரு நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே கால்நடை வைத்திருப்பவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்லியாக வேண்டும். அவர்கள் வழியாகக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் போகும்.

இந்த வலையில் மூன்று ஓட்டைகள். நோட்டு எழுதாதவர்கள் முதல் ஓட்டை. வடசென்னையில் மொட்டைமாடியிலும் சந்து முனையிலும் வளரும் நாட்டுக்கோழிகளில் நாலு செத்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும், அத்தோடு சரி. நோய் தெரியாத விலங்குகள் இரண்டாவது. வாத்துகள் பல நேரம் வைரஸைச் சுமந்துகொண்டு சுகமாக மேய்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது, ஒரு நோய் இன்னொன்றைப் போலத் தோற்றமளிப்பது.

மூன்றாவதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987-இல், விழுப்புரம் அருகே உள்ள அரசூரில். மூக்கிலும் கண்ணிலும் ஒழுகி, வாய் புண்ணாகி, நிமோனியாவும் கழிச்சலுமாக ஆடுகள் செத்தன. ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோயும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகளைக் காட்டும், இரண்டும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள். ஆகவே அதற்கு முன்பும் ஆட்டுக்கொல்லி வந்து, வெக்கை என்று எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தகவல் வந்திருக்கும், பதிவும் ஆகியிருக்கும், பெயர் மட்டும் தப்பு. அரசூரில் பிரித்தெடுத்த அதே வைரஸிலிருந்து பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 'அரசூர் 87' என்பதுதான் அந்தத் தடுப்பூசி வைரஸின் பெயர். நம் ஊர் ஒன்றின் பெயர் இப்படி அறிவியல் ஏடுகளில் இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னது: பண்ணைக்காரர் கவனித்துச் சொல்வதே முதல் வலை. எழுதாத வீடு, அறிகுறி காட்டாத விலங்கு, வேறு பெயரில் பதிவாகும் நோய் ஆகிய மூன்றும் அதில் ஓட்டைகள்.

## தேடிப் போவது

அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் தேடல்வழிக் கண்காணிப்பு. இதில் எல்லா இடமும் சமமல்ல. பல ஊர் விலங்குகள் கலக்கும் இடமும், காட்டுப் பறவையும் வீட்டுப் பறவையும் சந்திக்கும் இடமும்தான் பார்க்க வேண்டியவை.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் பழவேற்காட்டிலும் பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் இறங்குகின்றன. சுற்றியுள்ள நெல்வயல்களில் அறுவடைக்குப் பின் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்கள் நடக்கின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் ஆடுகள் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி எனும் இறைச்சிக்கூடத்தில் சேர்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பறவைகள் கைமாறுகின்றன. தெருவுக்குத் தெரு உயிர்க்கோழிக் கடை. குறைந்த செலவில் நிறையத் தெரிந்துகொள்ள நினைக்கும் ஒருவர், நூறு பண்ணைக்குப் போவதற்கு முன் இந்த இடங்களைத்தான் பார்ப்பார். ஒரு சந்தைக் கூண்டிலிருந்து எடுக்கும் மாதிரி பல ஊர்களைப் பற்றிச் சொல்லிவிடும்.

உலகத்துக்கு இதைக் கற்றுத் தந்தது ஹாங்காங். 1997-இல் அங்கே எச்5என்1 நேரடியாகக் கோழிகளிலிருந்து 18 பேருக்குத் தொற்றி, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளில் வைரஸ் இருந்தது தெரிந்ததும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அழிக்கப்பட்டன. அதன் பிறகு சந்தையில் வாத்தையும் கோழியையும் சேர்த்து விற்கத் தடை வந்தது. மாதத்தில் குறிப்பிட்ட நாளில் எல்லாக் கடையையும் காலி செய்து கழுவும் முறையும், சந்தையில் தொடர்ந்து மாதிரி எடுக்கும் முறையும் வந்தன.

மாதிரி எடுப்பதில் அருமையான யோசனைகள் உண்டு. பன்றிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூக்கில் குச்சி விடுவது பெரும் போராட்டம். தொழுவத்தில் ஒரு பருத்திக் கயிறைத் தொங்கவிட்டால் போதும், பன்றிகள் தாமாகவே வந்து மெல்லும். கயிற்றைப் பிழிந்தால் அந்தத் தொழுவத்தின் கூட்டு உமிழ்நீர் கிடைக்கும். கோழியில் ரத்தம் எடுக்க முடியாவிட்டால் முட்டையின் மஞ்சள் கருவிலும் நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடலாம்.

## எத்தனை கோழியைச் சோதித்தால் போதும்?

இதுதான் பலருக்கும் நம்பிக்கை வராத இடம். "பத்தாயிரம் கோழி இருக்கிற பண்ணையில் முப்பதைச் சோதித்துவிட்டு இல்லை என்கிறார்களே?" நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

ஒரு கொட்டகையில் நூற்றுக்குப் பத்துக் கோழிக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோழியைப் பிடித்தால் அது தொற்றில்லாததாக இருக்க 90 சதவீத வாய்ப்பு. இரண்டு கோழியும் தொற்றில்லாமல் இருக்க 0.9 பெருக்கல் 0.9, அதாவது 81 சதவீதம். மூன்றுக்கு 73. இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால், 29 கோழியும் தொற்றில்லாததாகவே மாட்ட 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். ஆக, 29 அல்லது 30 கோழியைச் சோதித்து எல்லாமே நெகட்டிவ் என்றால், "இந்தக் கொட்டகையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ தொற்று இல்லை" என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். கொட்டகையில் பத்தாயிரம் இருந்தாலும் ஒரு லட்சம் இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். முப்பது கோழி "பத்து சதவீதம் இல்லை" என்று மட்டுமே சொல்லும். ஐந்து சதவீதத் தொற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் 59 வேண்டும். ஒரு சதவீதத்தைப் பிடிக்க 299 வேண்டும். வேகமாகப் பரவும் பறவைக் காய்ச்சலில் தொற்று சில நாளிலேயே பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும் என்பதால் முப்பது அங்கே நியாயமான எண். மெதுவாகப் பரவும் நோய்க்கு, அல்லது தொற்று நுழைந்த முதல் நாளிலேயே பிடிக்க, முப்பது போதவே போதாது.

இன்னொரு நிபந்தனை, கோழிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிடிக்க வேண்டும். வாசல் பக்கம் கைக்கு எட்டியவற்றை மட்டும் பிடித்தால் கணக்கு உடைந்துவிடும், ஏனென்றால் தொற்று கொட்டகையின் ஒரு மூலையில் கூட்டமாகத் தொடங்கும். நான் அதிகாரியாக இருந்தால் எண்ணிக்கையைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன்.

செலவைக் குறைக்க, ஐந்து கோழியின் பஞ்சுக் குச்சிகளை ஒரே குழாயில் போட்டுச் சோதிப்பதும் உண்டு. நெகட்டிவ் என்றால் ஐந்தும் நெகட்டிவ். பாசிட்டிவ் என்றால் அந்த ஐந்தைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

## பஞ்சுக் குச்சி ஒன்று சொல்லும், ரத்தம் வேறொன்று சொல்லும்

கோவிட் காலத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். எல்லோருக்கும் பழகிய பெயராகிவிட்டது. வைரஸின் மரபணுத் துண்டைப் பல லட்சம் மடங்கு பெருக்கி, இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. விலங்குகளிலும் அதேதான். மூச்சுக்குழாயிலிருந்தும் எச்சத் துவாரத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியில் எடுப்பார்கள். "இந்த விலங்கின் உடலில் இன்று வைரஸ் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இது பதில் சொல்லும். இன்ஃப்ளுயென்ஸா போன்ற வைரஸ்கள் மூக்கிலோ தொண்டையிலோ பெரும்பாலும் சில நாள்தான் இருக்கும். அந்த நாள்களைத் தவறவிட்டால் நெகட்டிவ்.

ரத்தத்தில் தேடுவது எதிர்ப்பான்களை. வைரஸை எதிர்கொண்ட உடல் உண்டாக்கும் புரதங்கள் அவை. தொற்றி ஒரு வாரம் போலக் கழித்துத் தெரிய ஆரம்பித்து, மாதக்கணக்கில் இருக்கும். "இந்த விலங்கு எப்போதாவது இந்த வைரஸைச் சந்தித்ததா?" என்ற கேள்விக்கு இது பதில்.

குச்சியில் நெகட்டிவ், ரத்தத்தில் பாசிட்டிவ் என்று வந்தால் சோதனை தப்பு என்று அர்த்தமில்லை. வைரஸ் வந்து போய்விட்டது என்று அர்த்தம். குச்சியில் பாசிட்டிவ், ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் இப்போதுதான் நுழைந்திருக்கிறது.

தடுப்பூசி போட்டால் இதில் ஒரு சிக்கல். நம் கோழிப் பண்ணைகளில் ராணிக்கெட் தடுப்பூசி அன்றாட விஷயம். தடுப்பூசியும் எதிர்ப்பானை உண்டாக்கும். எனவே ரத்தத்தில் எதிர்ப்பான் இருப்பதை மட்டும் வைத்து, அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று சொல்ல முடியாது. தடுப்பூசி போடாத சில கோழிகளைக் கூட்டத்துக்குள் விட்டு, அவற்றை மட்டும் அடிக்கடி சோதிப்பது பழைய, நல்ல வழி. அவற்றைக் காவல் கோழிகள் எனலாம். காவல் கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பான் வந்தால் வைரஸ் உள்ளே வந்துவிட்டது.

## ஒரு பாசிட்டிவ் ஏன் போதாது?

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. ஒரு கற்பனைக் கணக்கு. பத்தாயிரம் கோழியில் பத்துக்கு மட்டும் தொற்று. நம் சோதனை, தொற்றுள்ளவற்றில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், தொற்றில்லாதவற்றில் 99 சதவீதத்தைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும். நல்ல சோதனைதான். எல்லாவற்றையும் சோதித்தால், உண்மையான பத்தில் ஒன்பதோ பத்தோ சிக்கும். மீதி 9,990-இல் ஒரு சதவீதம், அதாவது சுமார் நூறு கோழி, தொற்றே இல்லாமல் பாசிட்டிவ் காட்டும். நூற்றுப் பத்துப் பாசிட்டிவில் நூறு பொய்!

நோய் அரிதாக இருக்கும்போது, எவ்வளவு நல்ல சோதனையானாலும் முதல் பாசிட்டிவைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். ஒரு பாசிட்டிவுக்காக ஒரு பண்ணையையே அழிக்கப்போகிறோம் என்றால், வேறொரு முறையில் உறுதி செய்யாமல் இறங்கக் கூடாது. இந்தியாவில் பறவைக் காய்ச்சலுக்கு அந்த உறுதியைத் தருவது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நாட்டின் முதல் பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்பட்டதிலிருந்து இதுதான் நடைமுறை. "மாதிரி போபாலுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று செய்தியில் வந்தால், அதை மூடிமறைப்பதன் அடையாளமாகப் படிக்க வேண்டாம். அந்த ஓரிரு நாள் காத்திருப்பு அவசியமானது.

சுருக்கமாக: நெகட்டிவ் என்றால் எத்தனை மாதிரி என்று கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் உறுதியானதா என்று கேளுங்கள். குச்சியா ரத்தமா என்பதை இரண்டிலும் கேளுங்கள்.

## மூக்கில் தேடியபோது மடியில் இருந்தது

முன்பு சொல்வதாகச் சொன்ன கதை இது. கண்காணிப்பு எங்கே தோற்கும், எங்கே ஜெயிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு சமீப காலத்தில் இல்லை.

2024-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் கறவை மாடுகளுக்கு ஏதோ ஒரு நோய். தீவனம் குறைந்தது, பால் சட்டென்று வற்றியது, வந்த பாலும் சீம்பால் போல மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. வழக்கமான நோய்களுக்கெல்லாம் சோதித்தும் ஒன்றும் சிக்கவில்லை. பண்ணைகளில் காட்டுப் பறவைகள் செத்துக் கிடந்தன. பச்சைப் பால் குடித்த பூனைகள் செத்தன. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் பாலையும் பூனைகளையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மார்ச் 25-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல்.

அதுவரை மாடுகளில் இந்த வைரஸை யாரும் பெரிதாகத் தேடவில்லை. தேடியிருந்தாலும் மூக்கில்தான் தேடியிருப்பார்கள். ஆனால் வைரஸ் மடியின் செல்களில் பெருகிப் பாலில் குவிந்திருந்தது, மூக்கில் கொஞ்சம்தான். பால் கறக்கும் இயந்திரம் ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்கு அதைக் கொண்டுசென்றது. மாடுகளை மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் ஏற்றியபோது வைரஸும் ஏறிக்கொண்டது.

பிறகு மரபணு வரிசையைப் படித்தார்கள். வைரஸ் பெருகும்போது அதன் மரபணுவில் சிறுசிறு எழுத்துப் பிழைகள் சேரும். இரண்டு மாதிரியில் ஒரே பிழைகள் இருந்தால் அவை நெருங்கிய உறவு. பிழைகளின் எண்ணிக்கையை வைத்து எப்போது பிரிந்தன என்றும் ஏறக்குறையச் சொல்லலாம். அப்படிப் பார்த்ததில், பறவையிலிருந்து மாட்டுக்கு ஒருமுறை தாவிய வைரஸ்தான் மாட்டுக்கு மாடு பரவி அத்தனை பண்ணைக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தாவல் 2023 இறுதியிலோ 2024 தொடக்கத்திலோ நடந்திருக்கிறது. அதாவது சில மாதங்கள் அது யார் கண்ணிலும் படாமல் சுற்றியிருக்கிறது.

பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஏப்ரல் இறுதியில், கறவை மாடுகளை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகும் முன் சோதனை கட்டாயமானது. டிசம்பரில் தேசிய அளவில் பால் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு மாட்டையும் பிடிக்காமல், பதப்படுத்தும் நிலையத்தில் சேரும் பாலிலிருந்து ஒரு குப்பி எடுத்தால் ஆயிரக்கணக்கான மாடுகளின் நிலை தெரிந்துவிடும். பலன் சீக்கிரமே வந்தது. 2025 ஜனவரியில் நெவாடா மாநிலத்தில், பறவையிலிருந்து மாட்டுக்கு நடந்த இன்னொரு தனித் தாவலை இந்தப் பால் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. பாலைக் காய்ச்சினால், அல்லது முறையாகப் பாஸ்டுரைஸ் செய்தால் வைரஸ் செத்துவிடும். குடிப்பவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை.

தமிழ்நாட்டில் பால் பெரும்பாலும் வருவது ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து. காலையில் சங்கத்தில் ஊற்றி, அங்கிருந்து குளிர்விப்பு மையத்துக்குப் போய்ச் சேர்கிறது. இத்தனை லட்சம் வீட்டு மாடுகளைத் தனித்தனியாகச் சோதிப்பது நடக்காத காரியம். சேர்ந்த பாலைச் சோதிப்பது நமக்கு அமெரிக்காவைவிடப் பொருத்தமான வழி என்பது என் கருத்து. எந்த வீட்டு மாடு என்று திரும்பித் தேடுவது கூடுதல் வேலையாக இருக்கும், அவ்வளவுதான்.

பன்றிகள் விஷயத்தில் இதே பாடம் 2009-இலேயே கிடைத்தது. அந்த ஆண்டு உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸை முதலில் கண்டுபிடித்தது மனிதர்களில்தான். அதன் மரபணுத் துண்டுகளின் மூதாதைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பன்றிகளில் சுற்றிக்கொண்டிருந்தன என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பன்றிகளின் பக்கம் மானியே இல்லை.

## பாசிட்டிவ் வந்த பிறகு

இந்தியாவின் செயல்திட்டப்படி, தொற்று உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை பாதிக்கப்பட்ட பகுதி. அங்கே உள்ள பறவைகள் அழிக்கப்படும். அதிலிருந்து 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. அங்கே மாதிரி எடுப்பார்கள், பறவைகளும் முட்டைகளும் வெளியே போகவும் உள்ளே வரவும் கட்டுப்பாடு இருக்கும். கேரளத்தில் நோய் வந்தால் வாளையாறு உள்ளிட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இப்போது பண்ணைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் உண்மையைச் சொன்னால் அவர் கோழிகள் மட்டுமல்ல, ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பக்கத்து வீட்டுக் கோழிகளும் போகும். ஊர் அவரைத்தான் திட்டும். சொல்லாமல், சாகாமல் மிஞ்சியவற்றை இரவோடு இரவாக விற்றுவிட்டால் போட்ட முதலீடாவது தேறும். அப்படி விற்ற கோழி எந்த ஊர்ச் சந்தைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இழப்பீட்டை நான் கருணைத் தொகையாகப் பார்ப்பதில்லை, கண்காணிப்புக் கருவியாகத்தான் பார்க்கிறேன். அழிக்கப்படும் பறவைகளுக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக இழப்பீடு தர ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பணம் சந்தை விலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தமுறை அந்த ஊரிலிருந்து தகவல் வருமா வராதா என்பது முடிவாகும். புதிய ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

## சென்னையில் இருக்கும் நமக்கு

அடுத்தமுறை செய்தி வரும்போது, "தொற்று இல்லை" என்ற வரிக்குப் பக்கத்தில் எத்தனை மாதிரி, எந்தெந்த மாவட்டம், பண்ணையா சந்தையா நீர்நிலையா என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தகவல். வெறும் "இல்லை" மட்டும் என்றால், நாம் தெரிந்துகொண்டது குறைவு. எண்ணிக்கை கூடியதாகச் செய்தி வந்தால், சோதனைகள் கூடினவா என்றும் பாருங்கள். நூறு சோதனையில் ஐந்து பாசிட்டிவ் என்பதும் ஆயிரம் சோதனையில் பத்துப் பாசிட்டிவ் என்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கை இரட்டிப்பானாலும் விகிதம் ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

கறியும் முட்டையும் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 70 டிகிரி செல்சியஸ் சூடு உள்வரை ஏறும்படி நன்றாக வேகவைத்தால் இந்த வைரஸ் அழிந்துவிடும். அரைவேக்காட்டு முட்டையையும் பச்சைப் பாலையும் தவிருங்கள். உயிர்க்கோழியைக் கையாண்டால் கை கழுவுங்கள்.

ஒரே இடத்தில் காக்கைகளோ, கொக்குகளோ, வீட்டுக்கோழிகளோ காரணமில்லாமல் அடுத்தடுத்துச் செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ கால்நடைகளுக்கான 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். எத்தனை பறவை, எந்த இடம், முதலில் செத்ததை எப்போது பார்த்தீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் உடல் சீக்கிரம் அழுகிவிடும், மாதிரி எடுக்க வருபவருக்குப் புதிதாகச் செத்த பறவைதான் உதவும். அதனால் காலையில் பார்த்ததைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.